ஊட்டியில் ஏறாத தண்ணீர்

வாங்குகிற பக்கத்தில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்த ஒரு மெயின்டனன்ஸ் இன்ஜினீயர், விற்கிற பக்கத்துக்கு வேலை கேட்டுப் போன கதை

விசிட்டர் சிலிப்பில் ‘யாரைப் பார்க்க வேண்டும்’ என்ற இடத்தில் எச்.ஆர். என்று எழுதிவிட்டேன். ‘என்ன விஷயமாக’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 34 வயதில், காதோரம் நரைத்த பிறகு, ‘இன்டர்வியூ’ என்று எழுதக் கூச்சம். செக்யூரிட்டி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“எந்த டிபார்ட்மென்ட்டுங்க?”

“சேல்ஸுங்க.”

“அப்ப அந்த பெஞ்சுல உக்காருங்க.”

அந்த பெஞ்சை எனக்கு நன்றாகத் தெரியும். திருப்பூரில் நான் வேலை பார்த்த சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலையின் கேட்டிலும் அப்படி ஒன்று கிடந்தது. ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் ஒரு கடப்பாக்கல் துண்டு. பம்ப் விற்க வருகிறவர், வால்வ் விற்க வருகிறவர், கெமிக்கல் விற்க வருகிறவர் எல்லோரும் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார வைத்தவன் நான். “சார் பிளான்ட்ல ரவுண்ட்ஸ்ல இருக்காருன்னு சொல்லுங்க” என்று இன்டர்காமில் சொல்லிவிட்டு டீ குடித்திருக்கிறேன். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் கேட்டில், அயர்ன் செய்த சட்டையோடு, மடியில் ஃபைலோடு நான்.

ஒரு ‘வேண்டாம்’

பதினோரு வருடத்தில் நூறு சேல்ஸ்காரர்களையாவது பார்த்திருப்பேன். மனதில் நின்றவர் ஒருவர்தான். அவரிடம் நான் எதுவும் வாங்கவில்லை.

திருப்பூர்க் கதை தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆறு என்ன நிறத்தில் ஓடியது, ஒரத்துப்பாளையம் அணையில் என்ன தேங்கி நின்றது என்பதெல்லாம் ஊரறிந்தது. திரும்பத் திறந்த ஆலைகள் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக் கூடாது. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சுகிற உப்புத் தண்ணீரை ஆவியாக்கி, உப்பைத் திரும்ப எடுக்க வேண்டும். இந்தப் பயணம் முழுக்கத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருப்பது பம்ப். கடைசிக் கட்டத்தில் வருகிற உப்புத் தண்ணீர் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக அரித்துவிடும்.

அந்த இடத்துக்கு ஒரு பம்ப் கேட்டபோது, அந்த மனிதர் பையிலிருந்து கேட்டலாக் எடுக்கவில்லை. “குளோரைடு எவ்வளவுங்க இருக்கு?” என்றார். லேப் ரிப்போர்ட்டைக் காட்டினேன். “இதுக்கு டூப்ளெக்ஸ் ஸ்டீல் வேணுமுங்க. எங்ககிட்ட 316 வரைக்கும்தான். வித்தா ஆறு மாசத்துல நீங்க என்னைத் திட்டுவீங்க” என்று சொல்லிவிட்டு, யாரிடம் கிடைக்கும் என்று வேறொரு கம்பெனி பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் எப்போது வந்தாலும் பெஞ்சில் உட்காரவில்லை. நேராக என் ரூமுக்கு வருவார்.

அவரைப் போல ஆகலாம் என்றுதான் சேல்ஸுக்கு விண்ணப்பித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அவ்வளவு அழகில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ‘சீல் போயிடுச்சு சார்’ என்று வருகிற போன் அலுத்துவிட்டது. சம்பளம் நாலு வருடமாக நின்ற இடத்தில் நின்றது. பொண்ணு எல்.கே.ஜி. சேர்ந்துவிட்டாள்.

முதல் இன்டர்வியூவில் நான் பேசிய இருபது நிமிடம்

கோவைக்கு முன்னால் ஒரு தோல்வி இருக்கிறது. சென்னையில் ஒரு கம்ப்ரஸர் கம்பெனி. ராத்திரி பஸ்ஸில் போய், கோயம்பேட்டில் முகம் கழுவி, பத்து மணி இன்டர்வியூவுக்கு ஒன்பதேகாலுக்கே போய் நின்றேன். கூப்பிட்டது ஒன்றரை மணிக்கு.

உள்ளே இருந்தவர் நேரே விஷயத்துக்கு வந்தார். “நான் ஒரு ஸ்பின்னிங் மில் ஓனர். எனக்கு ஸ்க்ரூ கம்ப்ரஸர் ஒண்ணு வேணும். பேசுங்க.”

பேசினேன். வி.எஃப்.டி. என்கிற, மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கிற சமாச்சாரம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. காற்றுத் தேவை குறையும்போது மோட்டார் எப்படித் தானாக மெதுவாகும், கரண்ட் எப்படி மிச்சமாகும் என்று பேப்பரில் கோடு போட்டுக் காட்டி இருபது நிமிடம் பேசியிருப்பேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தலையாட்டினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததும் கேட்டார். “என் மில்லுல மூணு ஷிப்ட்டும் ஒரே லோடு. காத்துத் தேவை ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. எனக்கு எதுக்கு வி.எஃப்.டி.?”

முழு லோடிலேயே ஓடுகிற மெஷினில் வி.எஃப்.டி. போட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. அந்தப் பெட்டி சாப்பிடுகிற கரண்ட் வேறு கூடுதல் செலவு. இது எனக்குத் தெரியாததல்ல. அவருடைய லோடு எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

“சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். அனுப்பவில்லை. மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. ‘எடுக்கவில்லை’ என்று ஒரு வரி தட்டிவிட என்ன செலவாகிவிடும்? ராத்திரி பஸ்ஸில் வந்தவனுக்கு அந்த ஒரு வரியாவது தர வேண்டாமா? இந்தக் கேள்வி என்னிடம் இன்னும் இருக்கிறது. தோற்றதில் வருத்தம் போய்விட்டது, இது போகவில்லை.

தோற்ற பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். நீல் ராக்ஹாம் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், 12 வருடம், 35,000 விற்பனைச் சந்திப்புகளைத் தன் குழுவோடு ஆராய்ந்து, 1988இல் ‘ஸ்பின் செல்லிங்’ என்ற புத்தகம் எழுதினார். பெரிய தொகை புரளும் விற்பனையில் ஜெயிக்கிறவர் அதிகம் பேசுகிறவரில்லை, வாங்குகிறவரைப் பேச வைக்கிறவர் என்பது அவர் கண்டது. வாடிக்கையாளரை மடக்கிக் கையெழுத்து வாங்குகிற பழைய சாமர்த்தியங்கள் சின்னச் சாமான் விற்க உதவலாம், பெரிய விற்பனையில் காலை வாரும் என்றார். நான் சென்னையில் வாரிவிட்டுக்கொண்டது என் காலைத்தான். 35,000 சந்திப்பு தேவைப்படவில்லை, ஒன்றே போதுமாக இருந்தது.

பேனா

கோவையில் முதல் ரவுண்டு எச்.ஆர். சின்னப் பெண். முழுக்க ஆங்கிலம். இதில் எனக்கு ஒரு நியாயம் புரிவதில்லை. நாளைக்கு நான் போகப் போவது பல்லடத்து மில், கோபி அரிசி ஆலை, ஈரோட்டு டையிங். அங்கே பேசப்போவது ‘ஏனுங்’ என்று ஆரம்பிக்கிற தமிழ். மெயிலும் கொட்டேஷனும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்தான், அதைச் சோதிக்கட்டும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதை மனப்பாடமாக ஒப்பிப்பதில் யாருடைய திறமை தெரியும்?

பிறகு, எதிர்பார்த்தது வந்தது. மேஜையிலிருந்த பேனாவை நீட்டி, இதை எனக்கு விற்றுக் காட்டுங்கள் என்றார். 2013இல் ‘தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ படம் வந்த பிறகு உலகத்தில் எந்த சேல்ஸ் இன்டர்வியூவும் இந்தப் பேனாவிடமிருந்து தப்பவில்லை போல. சென்னையில் பட்ட அடி ஞாபகத்தில் இருந்ததால், “கடைசியா எப்ப மேடம் பேனாவுல எழுதினீங்க?” என்று கேட்டேன். ரொம்பப் புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டதாக எனக்குள் ஒரு சிரிப்பு.

“இன்னிக்கு இதே கேள்வியைக் கேட்கிற நாலாவது ஆள் நீங்க” என்றார். எல்லோரும் ஒரே வீடியோவைப் பார்த்திருக்கிறோம்.

என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் அந்த நாலு பேரில் ஒருத்தி. பாலிடெக்னிக் முடித்து, வால்வ் கம்பெனி ஒன்றில் மூன்று வருட அனுபவம். அவள் மடியில் இருந்த நோட்டில், பைப் சைஸுக்குத் தகுந்த பிரஷர் இழப்புக் கணக்கெல்லாம் கைப்பட எழுதியிருந்தாள். அவளிடம் கூடுதலாக ஒன்று கேட்டார்களாம், “வெளியூர் போக வீட்டுல விடுவாங்களா?” என்று. என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எனக்கும் வீடு இருக்கிறது.

ஜல்லி சத்தம்

இரண்டாவது ரவுண்டுக்கு வந்தவர் பிளான்ட் ஹெட். அறுபதை ஒட்டிய வயது, அரைக்கை வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். அந்தக் கிரீஸைப் பார்த்ததும் எனக்கு மூச்சு சீராக வந்தது. ரெஸ்யூமைத் திருப்பி ஓரமாக வைத்துவிட்டார்.

“தம்பி, மேட்டுப்பாளையத்துல ஒரு தோட்டம். தண்ணி பம்புக்கு ஆறரை மீட்டர் கீழே கிடக்குது. நம்ம மோனோபிளாக் ஜம்முனு எடுக்குது. அதே ஆளு அதே பம்பைக் கழட்டி ஊட்டிக்குக் கொண்டுபோய், அதே ஆறரை மீட்டர்ல மாட்டுறான். தண்ணி ஏறலை. உங்களுக்குப் போன் அடிக்கிறான். சொல்லுங்க.”

சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

“ஃபுட்வால்வ் பிடிக்குதுங்களா?”

“புதுசு.”

“பைப்பு?”

“அதே சைஸு, அதே நீளம். ஜாயின்ட்டுல காத்து எடுக்கலை.”

“சத்தம் ஏதாவது வருதுங்களா?”

அவர் முதல்முறையாகச் சிரித்தார். “உள்ளே ஜல்லியைப் போட்டு ஆட்டுற மாதிரி.”

பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று நாம் சொல்கிறோமே தவிர, அது உறிஞ்சுவதில்லை. பம்ப் தன் வாயருகே அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் காற்று அதை மேலே தள்ளிவிடுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றால் 10.3 மீட்டர் உயரம்தான் தள்ள முடியும், அதுவும் காகிதத்தில். பைப்பில் போகிற இழப்பு, பம்ப் கேட்கிற பங்கு எல்லாம் கழித்தால் ஏழு மீட்டர் தேறினால் பெரிது. இத்தாலியில் கிணறு வெட்டியவர்களும் பம்ப் செய்தவர்களும் இதே சுவரில் முட்டிக்கொண்டுதான் கலிலியோவிடம் போனார்களாம். அவருடைய சீடர் டாரிசெல்லி 1643இல் பாதரசத்தை வைத்துக் காற்றுக்கு எடை உண்டு என்று காட்டினார். பாரோமீட்டரே ஒரு பம்ப் புகாரில் பிறந்த கருவி.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவு. மேட்டுப்பாளையத்தில் தள்ளிய அளவுக்கு அங்கே தள்ளாது. பம்புக்குள் சுழல்கிற சக்கரமான இம்பெல்லரின் வாயில் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே கொதித்து, குமிழி குமிழியாக உடையும். அந்தக் குமிழிகள் உடைகிற சத்தம்தான் ஜல்லி. விட்டால் இம்பெல்லரைக் கறையான் அரித்த பலகை மாதிரி ஆக்கிவிடும்.

இதைச் சொல்லி, “பம்புல கோளாறு இல்லீங்க, உயரந்தான் கோளாறு. பம்பைத் தண்ணிக்குப் பக்கமா இறக்கச் சொல்லணும், இல்லைன்னா சப்மெர்சிபிள் போடச் சொல்லணும்” என்றேன்.

“ஊட்டியில காத்து எத்தனை மீட்டர் தள்ளும்?”

“எட்டை ஒட்டி இருக்கணும். நம்பர் சரியா ஞாபகம் இல்லீங்க. பார்த்துட்டுச் சொல்றேன்.”

அவர் பேப்பரில் ஏதோ குறித்தார். போச்சு என்று நினைத்தேன். “காலையில ஒருத்தர் ஒம்பதே காலுன்னு அடிச்சுவிட்டாரு. கண்ணைக்கூடச் சிமிட்டலை” என்றார். அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டு, 7.9 மீட்டர் என்று அவருடைய விசிட்டிங் கார்டில் இருந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பினேன். ‘சரி’ என்று ஒரே வார்த்தை வந்தது.

கரண்ட் பில் யாருடையது?

மூன்றாவது ரவுண்டில், பிளான்ட் ஹெட்டும் கூட உட்கார்ந்திருக்க, சேல்ஸ் மேனேஜர் பர்ச்சேஸ் ஆபீஸராக நடித்தார். நடிப்பு என்று சொல்ல முடியாது. முப்பது வருடம் பர்ச்சேஸ்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

“உங்க பம்ப் போட்டிக் கம்பெனிக்காரனைவிட 45,000 ரூபாய் ஜாஸ்தி. போயிட்டு வாங்க.”

இந்த முறை கேட்டேன். எவ்வளவு தண்ணீர்? மணிக்கு 100 கன மீட்டர். எவ்வளவு உயரம்? 40 மீட்டர். எவ்வளவு நேரம் ஓடும்? ஒரு நாளைக்கு 20 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள். அவனுடைய பம்பின் எஃபிஷியன்சி 60 சதவீதம், நம்முடையது 72. பேப்பரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்தத் தண்ணீரை அந்த உயரத்துக்குத் தூக்கக் குறைந்தபட்சம் 10.9 கிலோவாட் வேண்டும். 60 சதவீதத்தில் ஓடுகிற பம்ப் மோட்டாரிடம் 18.2 கேட்கும், 72இல் ஓடுவது 15.1 கேட்கும். வித்தியாசம் 3 கிலோவாட். 6,000 மணி நேரத்துக்கு 18,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 1,26,000 ரூபாய். கூடுதலாகக் கொடுக்கிற 45,000 ஐந்து மாதத்துக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும்.

பேப்பரைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

“தம்பி, கரண்ட் பில் என் கணக்குல வராது. அது இ.பி. செக்‌ஷன், அக்கவுன்ட்ஸ். நான் 45,000 மிச்சம் பண்ணினா என் அப்ரைசல்ல வரும். நீங்க சொல்ற ஒண்ணேகால் லட்சம் யாரோட அப்ரைசல்ல வரும்?”

இது எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித்தராத கணக்கு. வாங்குகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் ஒருவர், கரண்டுக்குப் பணம் கட்டுகிறவர் இன்னொருவர். பம்ப் ஒன்றுதான், அதன் விலை மூன்று மேஜையில் மூன்று விதம். பதினோரு வருடம் ஓட்டுகிறவனாக இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. மலிவுப் பம்ப் வந்து இறங்கும்போதெல்லாம் பர்ச்சேஸ்காரருக்கு அறிவில்லை என்று திட்டியிருக்கிறேன். அவர் அவருடைய கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்புறம், “கரண்ட் பில்லுக்குக் கையெழுத்துப் போடுறவர் யாருங்க? அவரையும் உங்களையும் ஒண்ணா உட்கார வெச்சு பத்து நிமிஷம் பேசலாமுங்களா?” என்று கேட்டேன். அவர் பிளான்ட் ஹெட்டைப் பார்த்தார்.

மூடி வைத்த வால்வ்

பிளான்ட் ஹெட் கடைசியாக ஒன்று வைத்திருந்தார்.

“ஒரு மில்லு. உண்மையான ஹெட் 28 மீட்டர். அங்கே இருக்கிற இன்ஜினீயர் எதுக்கும் இருக்கட்டும்னு 45 மீட்டருக்குக் கேட்கிறான். பெரிய பம்ப், பெரிய மோட்டார், உங்களுக்கு இன்சென்டிவும் ஜாஸ்தி. காசோட நிக்கிறான். விப்பீங்களா?”

ஹெட் என்றால் பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம். வெளியிலிருந்து பார்த்தால் நேர்மைக்கு வைத்த சுலபமான பரீட்சை. உள்ளே இருந்தவனுக்கு அப்படியில்லை. அந்த ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்னுடைய வசனம். பைப் உப்புக் கட்டினால்? நாளைக்கு லைன் நீட்டினால்? தண்ணி வரவில்லை என்றால் திட்டு வாங்குவது நான். கரண்ட் கூடினால் யாரும் என்னைக் கேட்பதில்லை. அதனால் பெரிதாகவே கேட்டேன். கன்சல்டன்ட் தன் பங்குக்கு ஒரு பத்து சதவீதம் போடுவார், டீலர் ஒரு பத்து. மேலே மேலே ஏறி, ஊருக்குள் ஓட்ட லாரி வாங்கின கதையாகிவிடும்.

ஹெட் குறைவாக இருக்கிற இடத்தில் அதிக ஹெட்டுக்கான பம்பைப் போட்டால் அது சும்மா இருக்காது. எதிர்ப்பு இல்லாததால் கணக்குக்கு மேல் தண்ணீரைத் தள்ளும். தள்ளத் தள்ள மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். ஒன்று ட்ரிப் ஆகும், இல்லை காயில் எரியும். அதனால் டெலிவரி வால்வைப் பாதி மூடி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பிரேக்கையும் மிதிக்கிற வேலை.

“எங்க பிளான்ட்டுல ஒரு வால்வ் ஆறு வருஷமா பாதி மூடியே இருக்குதுங்க. மூடி வெச்சவன் நான்தான்” என்றேன். “அதனால நேர்ல போய் ஹெட்டை அளந்து பார்க்காம கொட்டேஷன் கொடுக்க மாட்டேன். அளந்து காட்டியும் அவர் பெருசுதான் வேணும்னா, எழுதி வாங்கிட்டுக் கொடுப்பேன்.”

“மோட்டார் எரிஞ்ச அன்னிக்கு அந்த எழுத்தைக் காட்டுவீங்களா?”

என்னிடம் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. டீ வந்தது.

நீங்க ஏதாவது கேட்கணுமா?

சம்பளப் பேச்சு சுருக்கமாக முடிந்தது. ஒரு பங்கு நிலையானது, ஒரு பங்கு டார்கெட்டை அடைந்தால். சேல்ஸுக்குப் போகிற யாரும் கேட்டே ஆக வேண்டிய ஒன்றைக் கேட்டேன்: இன்சென்டிவ் ஆர்டர் வந்ததும் கணக்கா, பணம் வசூலானதும் கணக்கா? வசூலானால்தான் என்றார்கள். நம் ஊரில் விற்பது பாதி வேலை, செக்கை வாங்கிக்கொண்டு வருவது மீதி வேலை. அதைக் கேட்காமல் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதவர்கள் எனக்கு நாலு பேரைத் தெரியும்.

இன்னொன்றும் கேட்டேன். “இதே இடத்துல எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் சார் போயிட்டாரு?”

சேல்ஸ் மேனேஜர் டீயைக் கீழே வைத்தார். பிளான்ட் ஹெட்தான் சொன்னார்.

“டார்கெட்டைத் தாண்டி வித்தாரு. எல்லாம் பெரிய பம்பு. மூணு மில்லுல மோட்டார் எரிஞ்சுபோச்சு. மூணு பேருகிட்டயும் அவரு எழுதி வாங்கியிருந்தாரு.”

“இப்ப அந்த மில்லெல்லாம்?”

“நம்ம ஆளுன்னு சொன்னா கேட்டுக்குள்ளேயே விடறதில்லை. பல்லடத்துல ரெண்டு, ஈரோட்டுல ஒண்ணு. வேலைக்கு வந்தீங்கன்னா முதல்ல அங்கேதான் போகணும்.”

பதினைந்து நாளில் ஆஃபர் லெட்டர் வந்தது. சேர்ந்த மூன்றாம் நாள் பல்லடத்துக்கு வண்டியை எடுத்தேன். பையில் கேட்டலாக் வைக்கவில்லை. பிரஷர் கேஜ் ஒன்றும், ஆம்பியர் பார்க்க ஒரு கிளாம்ப் மீட்டரும் இருந்தன. விசிட்டர் சிலிப்பில் ‘என்ன விஷயமாக’ என்ற இடத்தில், ‘எரிந்த மோட்டார்’ என்று எழுதிக் கொடுத்தேன். செக்யூரிட்டி படித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்டர்காமில் ஏதோ சொன்னார்.

“சார் ரவுண்ட்ஸ்ல இருக்காருங்க. உக்காருங்க.”

ஒரு மணி ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.